பீட்டர் ஹூக் மாதிரி பேஸ் வாசிக்க அந்தப் பழைய பெடல் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் நான்கு கம்பி பேஸ் கிட்டார் இருக்கிறது. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்து ராக் குழுக்களின் பாட்டுகளில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக்கைப்போல மெட்டாக வாசிக்க ஆசை. நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் மேலே போனால் சுருதி சேராமல் கலங்கலாகக் கேட்கிறது. இணையத்தில் பழக்கமான ஒருவர், ஹூக் வைத்திருந்த அதே பழைய கோரஸ் பெடலும் (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் பெட்டி) ஆறு கம்பி பேஸும் தன்னிடம் இருக்கின்றன, அவை இல்லாமல் அந்த ஒலி வராது என்கிறார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வாசித்த ஒலியோடு, சுருதி லேசாக அலையும் ஒரு நகலைச் சேர்ப்பதுதான் கோரஸ் பெடலின் வேலை. ஏற்கெனவே சுருதி சேராத பேஸில் அதைப் போட்டால் கலங்கல் கூடத்தான் செய்யும்.

ஹூக்கின் பாணி விலையுயர்ந்த கருவியால் வந்ததே இல்லை. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, அம்மாவிடம் 35 பவுண்டு கடன் வாங்கி முதல் பேஸை வாங்கியவர் அவர். ஜாய் டிவிஷன் ஒத்திகையில் சகக் கலைஞர் பெர்னார்ட் சம்னரின் கிட்டார் முழங்கும்போது, தன் மட்டமான ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கீழ் ஸ்தாயி அவருக்கே கேட்கவில்லை. மேலே ஏறி வாசித்தால் கேட்டது. பாடகர் இயன் கர்டிஸுக்கு அது பிடித்துவிட்டது. மேலேயே வாசிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டைக் கேளுங்கள். பாட்டின் மெட்டை பேஸ்தான் தூக்கிப்பிடிக்கிறது.

அவர் அடிக்கடி கையாளும் உத்தி ஒன்று: டி கம்பியை அழுத்தாமல் தம்புரா போல ஒலிக்க விட்டு, பக்கத்து ஜி கம்பியில் மேலே மெட்டை வாசிப்பது. உங்கள் சிக்கல் இங்கேதான். ஒரு கம்பி நிலையான சுருதியில் நிற்கும்போது, மற்றதில் மயிரிழை பிசகினாலும் காது பிடித்துவிடும். கீழ் ஃபிரெட்டுகளில் ஒளிந்திருந்த குறை மேலே வெளியே வந்துவிடும்.

வீட்டிலேயே சோதியுங்கள். முதலில் புதுக் கம்பி போடுங்கள். தேய்ந்த கம்பியில் இந்தச் சோதனை பயன்படாது. 12ஆவது ஃபிரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டி, விரலை எடுங்கள். மணி போல ஓர் ஒலி வரும். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ட்யூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில், அதாவது கம்பிகள் முடியும் அடிப்பகுதியில், அந்தக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான சேடிலைப் பின்னால், நெக்கிலிருந்து விலக்கி, நகர்த்த வேண்டும். குறைவாகக் காட்டினால் முன்னால். ஸ்க்ரூடிரைவர் போதும். செட்டப், அதாவது கருவியைச் சீரமைத்துத் தருவதாகச் சொல்லி, ஃபிரெட்டை எல்லாம் சீவ வேண்டும், நெக்கைக் கழற்ற வேண்டும் என்று பில்லைப் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையைக் கண்ணெதிரே செய்து காட்டாதவரிடம் கருவியைக் கொடுக்காதீர்கள்.

பெடலுக்கு வருகிறேன். ஹூக் பயன்படுத்தியது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் க்ளோன் தியரி. பழைய பெடல் என்பதால் அதைச் சுற்றி ஒரு தரகர் கூட்டமே வளர்ந்திருக்கிறது. வெளிப்பெட்டியின் படத்தை மட்டும் போட்டு, உள்ளே யார் எதை மாற்றினார்கள் என்று சொல்லாமல் விற்கிறார்கள். விற்பனைத் தளங்களோ கமிஷன் வந்தால் போதும் என்று இருக்கின்றன. "ஹூக் வாசித்த அதே மாடல்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், கேட்பாரில்லை. எனக்கு இதில் பொறுமையே போய்விட்டது. அதே நிறுவனத்தின் ஸ்மால் க்ளோன் புதிதாகவே கிடைக்கிறது. வேகத்தைக் குறைத்து வைத்தால் நீங்கள் தேடும் மினுமினுப்பு வரும். தவிர, 1979இல் வந்த 'அன்னோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்தின் ஒலியில் பெரும்பங்கு, ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் எதிரொலிக் கருவிகளை வைத்துச் செய்தது. அதை எந்தத் தரகரும் பெட்டியில் போட்டுத் தர முடியாது.

ஆறு கம்பி பேஸ் விஷயத்தில் முன்பணம் கேட்டவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் ஆபத்து. ஹூக்கிடம் ஷெர்கோல்ட் மாரத்தான் என்ற ஆறு கம்பி பேஸ் இருந்தது; அதை வைத்துப் பதிவும் செய்திருக்கிறார். ஆனால் இன்று கடைகளில் ஆறு கம்பி பேஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை வேறு இனம். அவற்றில் கீழே ஒரு தடித்த பி கம்பியும் மேலே ஒரு சி கம்பியும் கூடுதலாக இருக்கும், நெக் பலகை போல அகலமாக இருக்கும். ஷெர்கோல்ட் அப்படியில்லை. சாதாரண கிட்டாரின் அதே ஆறு கம்பிகள், ஒரு ஸ்தாயி கீழே. கம்பிகள் நெருக்கமாக இருக்கும், உங்கள் நான்கு கம்பிக்கு மேல் இரண்டு மெல்லிய கம்பிகள் கூடுதல். இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கட்டினால், வீட்டுக்கு வருவது ஹூக்கின் ஒலிக்குத் தொடர்பே இல்லாத கருவியாக இருக்கலாம். நியூ ஆர்டர் காலத்தில் அவர் கையில் அதிகம் பார்த்த யமஹா பிபி 1200 எஸ் நான்கு கம்பிதான். உங்களுடையது போதும்.

பழகும்போது, எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட்டை அழுத்துவது என்று எழுதிக் காட்டும் இணைய டேப்களை நம்பாதீர்கள். தப்பும் தவறுமாக எழுதியதுதான் தேடலில் முதலில் வருகிறது, திருத்த ஆளில்லை. 1983இல் வந்த 'ப்ளூ மண்டே'க்கு பேஸ் டேப் என்று கிடைப்பதில் பல, அடியில் துடிக்கும் மூக் சின்தசைசர் பகுதிதான். இயந்திரம் வாசிப்பதை மாதக்கணக்கில் பழகிவிட்டு ஹூக்கைப் பழகினேன் என்கிறார்கள். அவர் வாசிப்பது அதற்கு மேலே மிதக்கும் மெட்டு.

விரலால் அல்ல, பிக் என்ற சிறு தகடு வைத்து வாசியுங்கள், ஆம்ப்பில் நடு ஒலிக்கான 'மிட்' குமிழை ஏற்றி, அடி ஒலிக்கான 'பேஸ்' குமிழைக் குறையுங்கள். முழங்காலருகே தொங்கவிட்டு வாசிக்கும் அவருடைய தோரணையை மட்டும் பின்பற்ற வேண்டாம். மேல் ஃபிரெட்டுகளில் மணிக்கட்டு மடங்கி வலி பிடித்துக்கொள்ளும். முதல் பாட்டாக, பேஸ் மெட்டிலேயே தொடங்கும் நியூ ஆர்டரின் 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்' எடுங்கள். மெதுவாக, பெடல் இல்லாமல். அது சுருதியோடு வந்த பிறகு ஸ்மால் க்ளோன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், திருப்பித் தரும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள், போனில் பேசாதீர்கள்.