வருஷத்துக்கு ஒரு முறை யார் கூப்பிடுவார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, 12 வருஷமாக சுகர். அன்றிலிருந்து ஒரே குடும்ப டாக்டரிடம்தான் காட்டுகிறோம். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு ஒரு ரத்தம், அப்புறம் அதே மாத்திரை. லண்டனில் நர்சாக இருக்கும் என் தங்கை, “இங்கே கண்ணு, காலு, கிட்னி எல்லாம் கூப்பிட்டுப் பார்ப்பாங்க, நம்ம ஊர்ல அப்படி ஒரு விதியும் கிடையாதா?” என்று சண்டைக்கு வருகிறாள். டாக்டரை மாற்ற வேண்டுமா?
- தக்கலை வாசகி

பதில்: மாற்ற வேண்டாம். விதி நம் ஊரிலும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட சர்க்கரை நோய் வழிகாட்டியை எடுத்துப் பார்த்தால் தங்கை சொன்னதெல்லாம் அதிலும் இருக்கும். வித்தியாசம் ஞாபகப்படுத்துவதில்தான். இங்கிலாந்தில் எல்லோரும் ஏதாவது ஒரு கிளினிக்கில் பதிவு செய்திருப்பார்கள், யாருக்கு எந்தப் பரிசோதனை பாக்கி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும், போதாததற்கு 2004-ல் இந்த வேலைகளைச் செய்து முடித்தால் கிளினிக்குக்குக் கூடுதல் பணம் என்றும் ஒப்பந்தம் போட்டார்கள். இங்கே உங்கள் டாக்டர் சாயந்தரம் வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும், இதில் உங்கள் அம்மாவுக்குக் கண் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு என்று அவர் எங்கே போய் ஞாபகம் வைப்பார்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு டெஸ்ட் எழுதினால் “கமிஷனுக்கு எழுதுகிறார்” என்று வெளியே போய்ப் பேசுவதும் நாம்தான். அதற்குப் பயந்தே எழுதாமல் விடுகிற நல்ல டாக்டர்களை எனக்குத் தெரியும்.

அதனால் ஞாபகம் வைக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு போதும். அதில் முதலில் ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை. சுகர் கட்டுக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. லேபுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் மரச்சீனிக் கிழங்கையும் ஏத்தன் பழத்தையும் தள்ளி வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் ரத்தம் கொடுக்கிறவர்களை இந்த டெஸ்ட் பிடித்துவிடும், ஏனென்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியை அது காட்டுகிறது. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு), கொழுப்பு. கிரியாட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கிட்னி பாதி வேலையை இழக்கிற வரைக்கும் அது பெரிதாக ஏறாது, ஆல்புமின்தான் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அம்மா மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதன் அளவை முடிவு செய்வதற்கும் கிட்னி கணக்கு தேவை. பல வருஷம் அதைச் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்து கால் மரத்துப் போவதும் உண்டு, அதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம்.

கண் என்றால் கண்ணாடி பவர் பார்ப்பதில்லை, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது. பார்வை மங்கின பிறகு போனால் தாமதம்தான். (இங்கிலாந்தில் இரண்டு முறை பார்த்துப் பாதிப்பு ஒன்றும் இல்லையென்றால் இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுகிறார்கள், தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.) காலுக்குச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் வழிகாட்டியில் ஹெச்பிஏ1சி 7 என்று இருக்கிறதே, அம்மாவுக்கு 7.6 என்று பதறி மாத்திரையைக் கூட்டச் சொல்லி நிற்காதீர்கள். வயதானவர்களுக்கு, வேறு நோய்களும் இருந்தால், 8 வரைக்கும் விடலாம் என்று அதே வழிகாட்டிகள்தான் சொல்கின்றன. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையில் சுகர் இறங்கி, விடியற்காலையில் பாத்ரூம் போகிற வழியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால், அந்த ஹெச்பிஏ1சி நம்பரை வைத்து என்ன செய்வது?

டாக்டரிடம் “லண்டன்ல இப்படி” என்று ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் பிடிக்காது. “டாக்டர், அம்மாவுக்கு இந்த வருஷம் ஆல்புமின் பார்க்கலையே, எடுத்துரலாமா?” என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, ரப்பர் பால் வெட்டுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கு வருகிறவர்கள் பிபி பார்க்க வேண்டும் என்கிறார்கள், நண்பனோ ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ் எடு என்கிறான். எது சரி?
- குலசேகரம் வாசகர்

பதில்: வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையை நீட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டம், காசு கிடையாது. 30 வயது தாண்டினவர்களுக்கு பிபி, சுகர் பார்ப்பதும், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதிப்பதும் தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது. வெற்றிலை, புகையிலை போடுகிறவரா? அப்படியானால் வாயைக் கட்டாயம் காட்டுங்கள். மனைவிக்கும் 30 ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது. பேக்கேஜில் 80 டெஸ்ட் என்று போட்டிருப்பார்கள், அதில் ஏதாவது ஒன்று லேசாகக் கூடக் குறைய இருந்து, அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு ஸ்கேன் எடுப்பீர்கள். உங்கள் வயதுக்கு, ஒரு தொந்தரவும் இல்லாத ஆளுக்கு, நான் எழுத மாட்டேன்.

ஒரு விஷயம். பால் வெட்டி முடித்து மேட்டில் ஏறி வந்த கையோடு பிபி பார்க்காதீர்கள். அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், அதற்கு முந்தின அரை மணி நேரம் சாயா, பீடி கூடாது. ஒரு நாள் 140/90-க்கு மேல் போனால் உடனே பிபி நோயாளி என்று அர்த்தமில்லை, இன்னொரு நாளும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பிபி இப்போது நார்மல். போகிற நாட்களில் அம்லோடிபின் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா?
- தூத்தூர் வாசகர்

பதில்: கூடாது. மாத்திரையால்தான் நார்மல். போட்டில் கருவாடும் ஊறுகாயும் வேறு இருக்கும், உப்பு ஏறத்தான் செய்யும். கிளம்புவதற்கு முன்னால் நர்சிடமோ டாக்டரிடமோ எத்தனை நாள் பயணம் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே மாத்திரை கேட்டு வாங்கி, தண்ணீர் படாத டப்பாவில் வையுங்கள். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம், மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைக்கு உள்ளதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.