பழனி நடைப்பயணத்தில் வெயில் உங்கள் இடப்பக்கம்

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்களில் நானும் ஒருத்தி. சென்ற முறை தினமும் காலையில் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் பூசியும் முகம் கறுத்துவிட்டது. இடக் கன்னம், இடக் காது, பிடரி ஆகியவை இன்னும் பழைய நிறத்துக்கு வரவில்லை. கன்னத்தில் இருந்த மங்கும் (கரும்படலம்) கூடிவிட்டது. மாமியார் தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார். மருந்துக்கடையில் எஸ்பிஎஃப் 100 வாங்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது? (வாசகி, காரைக்குடி)

பதில்: இடப்பக்கம் கூடுதலாகக் கறுத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. தை மாதத்தில் சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்துதான் நகரும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நீங்கள் மேற்கு நோக்கி நடக்கிறீர்கள். காலையில் இடப்பக்கப் பின்புறம், மாலையில் இடப்பக்க முன்புறம் என வெயில் உங்களை விட்டு விலகவே இல்லை. ஆகவே குடையைத் தலைக்கு நேராகப் பிடிக்காமல் இடத்தோள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். முந்தானையால் முக்காடிட்டு இடக் காதையும் பிடரியையும் மூடுங்கள். நடந்தே ஊர் திரும்புவதாக இருந்தால் எல்லாவற்றையும் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

துணிதான் முதல் காப்பு, களிம்பு அதற்கு அடுத்ததுதான். ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற மெல்லிய வெள்ளைப் பருத்தி புற ஊதாக் கதிரையும் உள்ளே விடும், வியர்வையில் நனைந்தால் இன்னும் கூடுதலாக விடும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நன்றாகத் தடுக்கும். நம் ஊர்க் கண்டாங்கிச் சேலையை இதற்காகவே நான் சிபாரிசு செய்வேன்.

அடுத்து நேரம். காரைக்குடியில் தை மாத உச்சி வெயில் சரியாக 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.25க்கு வருகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையான நேரம். தைப்பூசச் சமயத்தில் அது காலை 10 மணி தொடங்கிப் பிற்பகல் 2.45 வரை நீளும். சித்திரையிலோ 9.15க்கே தொடங்கிவிடும். விடியுமுன் கிளம்பி, பத்து மணிக்குள் சத்திரத்திலோ மரத்தடியிலோ தங்கி, மூன்று மணிக்கு மேல் நடையைத் தொடர்வது எந்தக் களிம்பும் தராத காப்பு. வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதத்துக்கும் அதுவே நல்லது, நண்பகல் தார் ரோடு தோலைப் பொசுக்கிவிடும். பனியும் மேகமும் இருந்தால் வெயில் இல்லை என்று எண்ண வேண்டாம், சூடு குறைந்தாலும் கதிரில் பெரும்பகுதி மேகத்தைக் கடந்து வந்துவிடுகிறது.

இப்போது சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 சதவீதம், 100 என்பது 99. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். உங்களை ஏமாற்றியது அட்டையில் போட்ட எண் அல்ல, பூசிய அளவு. அந்த எண்ணைச் சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் கணக்கிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான ஒரு வேளை அளவு. காது, பிடரி, புறங்கை, புறங்கால் இவற்றுக்குத் தனியாக எடுக்க வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒன்று உங்களுக்கு ஆண்டுக்கணக்கில் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை என்று அர்த்தம்.

காலையில் ஒருமுறை பூசியது அந்திவரை நிற்காது. கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்பு பூசுங்கள், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வியர்வையை ஒற்றித் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். அழுத்தித் துடைத்தால் களிம்பும் துண்டோடு போய்விடும். நீரில் கரையாதது என்று போட்டிருந்தாலும் அது 40 அல்லது 80 நிமிடத்துக்கான உறுதிதான். திருநீறு இடுகிறவர்கள் களிம்பு உலர்ந்த பிறகு இடலாம்.

மங்கு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மங்கைக் கூட்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் கேட்டு வாங்குங்கள். தோலைக் கறுக்க வைக்கும் கதிருக்கான காப்பைக் காட்ட அட்டையில் போடும் பிஏ என்ற எழுத்துக்குப் பின் மூன்று கூட்டல் குறிகளாவது இருக்கட்டும். மாநிறத்தாருக்கு முகம் வெளுத்துத் தெரிகிற சங்கடமும் சாயமுள்ளதில் குறைவு.

மாமியார் சொல்லும் தேங்காய் எண்ணெயை இரவில் வறண்ட காலுக்குத் தடவுங்கள், நல்லது. வெயிலுக்குப் போதிய காப்பு அது தராது, மஞ்சளும் சந்தனமும் அப்படித்தான். வழியில் பந்தலில் எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: சாறு பட்ட கையோடு வெயிலில் நிற்காதீர்கள். கொப்புளம் வந்து, நாள்பட்ட கறுப்புத் தடமாக நின்றுவிடும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவர்களின் தோலை வெயில் எளிதில் சுட்டுவிடும். கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். திரும்பி வந்தபின் கறுப்பு போக வேண்டும் என்று கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்பைத் தொடாதீர்கள். அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முகத்தில் ரோமம் வளர்ந்து, நிறுத்தினால் எரியும். வெயிலால் வந்த கறுப்பு, காப்பு ஒழுங்காக இருந்தால் சில மாதங்களில் தானாகக் குறையும். கன்னத்து மங்குக்கு மட்டும் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். தைக்கு முன்பே போனால் நல்லது.