கல்விக் கேள்வி – பதில்: மிசிசிப்பியின் பிள்ளைகள் படிக்கக் கற்ற விதம்

கேள்வி: அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்றான மிசிசிப்பி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனில் பணக்கார மாநிலங்களை முந்திவிட்டதாகச் செய்திகளில் படித்தேன். இது உண்மைதானா, அல்லது விளம்பரமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், விழுப்புரம்

பதில்: உண்மைதான். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா மாநிலங்களிலும் ஒரே வகையில் நடத்தப்படும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று உண்டு. மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் அது நடப்பதாலும், விடைகளைப் பள்ளியோ மாநிலமோ திருத்துவதில்லை என்பதாலும், மதிப்பெண்ணை யாரும் தம் விருப்பப்படி உயர்த்திக் காட்டிவிட முடியாது. அந்தத் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-ஆம் ஆண்டு மிசிசிப்பி பெற்றது 209 புள்ளிகள். மாநிலங்களின் வரிசையில் 49-ஆவது இடம். 2019-இல் அது 219 புள்ளிகளை எட்டி, நாட்டின் சராசரியைத் தொட்டது. 2022-இல் சற்றே இறங்கினாலும், 2024-இல் மீண்டும் 219-க்கு வந்து ஒன்பதாவது இடத்தைப் பிடித்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு நாட்டின் சராசரி 214-ஆகச் சரிந்துவிட்டதால், இந்த இட உயர்வில் ஒரு பகுதி மற்றவர்கள் இறங்கியதால் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் 209-லிருந்து 219-க்கு ஏறியது அந்தப் பிள்ளைகளின் சொந்த உழைப்பு.

இந்த மாநிலத்தின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகத் தெரியும். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்ததை எதிர்த்து, கட்டாயக் கல்விச் சட்டத்தையே 1956-இல் நீக்கிவிட்ட மாநிலம் இது. வில்லியம் விண்டர் ஆளுநராக இருந்தபோது 1982-இல் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம்தான் கட்டாய வருகையை மீட்டு, அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்புகளுக்கும் வழிவகுத்தது. ஆகவே 2013-க்குப் பிறகு நடந்ததை ஒரே இரவில் விளைந்த அற்புதம் என்று எழுதுவது, அதற்கு முன் அங்கே முப்பது ஆண்டுகள் பாடுபட்டவர்களுக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: அப்படி அவர்கள் என்னதான் செய்தார்கள்? புதிய பாடப் புத்தகமா, கணினியா, கூடுதல் ஆசிரியர்களா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: 2013-இல் அந்த மாநிலச் சட்டமன்றம், எழுத்தறிவின் அடிப்படையில் வகுப்பு உயர்வு வழங்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளை உரிய அளவு வாசிக்கக் கற்றிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்; கற்காத பிள்ளையை நான்காம் வகுப்புக்கு அனுப்பாமல் மூன்றிலேயே நிறுத்திவைக்கும் விதியும் அதில் உண்டு. புளோரிடா 2002-ஆம் ஆண்டிலேயே எடுத்த வழியை ஒட்டியது அது. மிசிசிப்பியில் 2013-இல் பொறுப்பேற்ற மாநிலக் கல்வித் தலைமை அலுவலர் கேரி ரைட், 2022 வரை அந்தப் பதவியில் நீடித்துச் சட்டத்தைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுசென்றார். பொறுப்பானவர் அடிக்கடி மாறாமல் ஒன்பது ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தது சிறிய செய்தியன்று.

முதலில் கற்பிக்கும் முறையைப் பார்ப்போம், ஏனெனில் மாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க வகுப்பறைகளில் நெடுங்காலமாக, தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், வாக்கியத்தின் பொருளை வைத்து ஊகி, முதல் எழுத்தை மட்டும் கவனி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு குட்டிக் குதிரையின் படம் இருக்கிறது, அதன் கீழே ‘போனி’ என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை படத்தைப் பார்த்து ‘ஹார்ஸ்’ என்று படிக்கும். பொருள் பொருந்துகிறதே என்று ஆசிரியரும் விட்டுவிடுவார். அச்சில் உள்ள எழுத்து ஒன்றைக்கூடப் பிள்ளை படிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போகும். படங்கள் இல்லாத நான்காம் வகுப்புப் புத்தகம் கைக்கு வரும்போதுதான் உண்மை வெளிப்படும். சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்டல், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு, தடையற்ற வாசிப்பு, சொல்வளம், பொருள் உணர்தல் ஆகிய ஐந்தையும் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு அமைத்த தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்திருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியர் கல்லூரிகள் இதைப் பொருட்படுத்தவில்லை. மிசிசிப்பி பொருட்படுத்தியது.

அதற்காகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாநிலமே செலவை ஏற்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீளும் வாசிப்பு அறிவியல் பயிற்சியை அளித்தது. அனுபவம் மிக்க ஆசிரியர்களிடம் மீண்டும் மாணவராக உட்காரச் சொல்வது எளிதன்று. உங்களுக்கு அது நன்கு தெரியும். அடுத்து, மிகவும் பின்தங்கிய பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே வாசிப்புப் பயிற்றுநர்களை மாநிலக் கல்வித் துறை நேரடியாக அனுப்பியது. மேற்பார்வையிட்டுக் குறிப்பெழுதிப் போகும் அதிகாரிகளாக அவர்கள் அனுப்பப்படவில்லை. ஆசிரியரோடு வகுப்பில் இருந்து, தேவைப்பட்டால் தாமே பாடம் நடத்திக் காட்டி, வகுப்பு முடிந்தபின் உட்கார்ந்து பேசுவது அவர்கள் வேலை. நம்மூரில் வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்கள் செய்ய வேண்டிய பணிக்கு நெருக்கமானது இது. எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவுகளும் பயிற்சிக் கூட்டங்களும் தின்றது போக அவர்களுக்கு வகுப்பறைக்கென்று எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதை நீங்களே எனக்குச் சொல்லலாம்.

மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் சோதிப்பது, குறை தெரிந்த உடனே பெற்றோருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது, 2016-இல் செய்த திருத்தத்தின்படி அந்தப் பிள்ளைக்கென்று தனி வாசிப்புத் திட்டம் வகுப்பது ஆகியவையும் சேர்ந்தன. அதே 2016 முதல், புதிதாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர் வாசிப்பின் அடிப்படைகள் குறித்த தேர்வில் தேறினால்தான் உரிமம் கிடைக்கும் என்றானது. ஆசிரியர் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை மாற்ற இதைவிட வலுவான வழி இருந்திருக்காது. மாநிலப் பணத்தில் நடக்கும் முன்மழலையர் வகுப்புகளும் 2013-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தால்தான் அங்கே முதன்முதலில் வந்தன. கணினிக்கு இதிலெல்லாம் சிறிய பங்குதான்.

கேள்வி: வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டால் நான்காம் வகுப்பின் சராசரி தானாக உயராதா? இதில் என்ன பெருமை?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நியாயமான ஐயம். அமெரிக்காவிலும் பலர் இதையே கேட்டிருக்கிறார்கள். நிறுத்திவைக்கப்படும் பிள்ளை மறைந்துவிடுவதில்லை. ஓர் ஆண்டு கழித்து அதே நான்காம் வகுப்புக்கு வந்து அதே தேர்வுக்கு உட்படக் கூடியவள்தான். ஆனால் அப்போது ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்திருப்பாள் என்பதால் சிறிது உயர்வு அதனாலும் வந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. நன்றாகத் தேர்ச்சி பெற்றோரின் பங்கு 2013-இல் 21 விழுக்காடாக இருந்து 2024-இல் 32 விழுக்காடாக உயர்ந்ததை மட்டும் அதைக் கொண்டு விளக்க முடியாது, ஏனெனில் கடைசி வரிசைப் பிள்ளைகளை ஓர் ஆண்டு தாமதப்படுத்துவதால் முதல் வரிசையில் இத்தனை புதிய முகங்கள் வந்துவிடுவதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது எட்டாம் வகுப்பு. அங்கே மிசிசிப்பியின் வாசிப்புப் புள்ளி 2013-இலும் 253, 2024-இலும் 253. நாட்டின் சராசரிக்கு இன்னும் கீழேதான். எழுத்தைச் சொல்லாக்கத் தெரிந்த பிள்ளைக்கு வரலாறும் அறிவியலும் கதைகளும் நிறையத் தெரிந்தால்தான் எட்டாம் வகுப்புப் பக்கம் புரியும். அந்தப் பாதி வேலை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது. மிசிசிப்பியைப் புகழ்வோர் பலரும் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் நம் மாநிலத்திலும் மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ ‘ஆல் பாஸ்’ முறையை நிறுத்திவிடலாமே? பயம் இருந்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது என் கருத்து.
– வாசகர், தென்காசி

பதில்: உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தபோது எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று விதித்தது. 2019-இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் தந்தார்கள். ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் அதற்கான விதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தம் இல்லை என்பதையே உறுதிசெய்தது. இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

மிசிசிப்பியின் சட்டத்தில் மூன்றாம் வகுப்புத் தேர்வில் தவறினால் மேலும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளில் குறிப்பிட்ட சிலர், ஏற்கெனவே இருமுறை நிறுத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. இத்தனைக்கும் பிறகு நிறுத்தப்படும் பிள்ளைக்கு நாள்தோறும் குறைந்தது 90 நிமிட வாசிப்புப் பாடம், அதுவும் தேர்ந்த ஆசிரியரிடம், அளிக்கப்பட வேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது. நம்மிடம் பழைய காலத்தில் இருந்த ‘பெயில்’ இதுவா? சென்ற ஆண்டு எந்த ஆசிரியரிடம், எந்தப் புத்தகத்தை, எந்த முறையில் படித்துப் புரியாமல் போனதோ, அதையே மறுபடியும் ஓர் ஆண்டு உட்கார்ந்து கேட்பதுதான் நம் ‘பெயில்’. அதில் பல பிள்ளைகள், குறிப்பாக வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவர்கள், மூன்றாம் முறை வரவே இல்லை.

பல மாநிலங்களின் வாசிப்புச் சட்டங்களை ஒப்பிட்ட ஆய்வில், நிறுத்திவைக்கும் விதியும் சேர்ந்த சட்டங்களே கூடுதல் பலன் தந்ததாகத் தெரிகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த விதியின் அச்சம் அங்கே பிள்ளையைவிடப் பெரியவர்களைத்தான் அதிகம் அசைத்தது என்று நான் நினைக்கிறேன்: முதல் வகுப்பிலேயே சோதிக்கவும், பயிற்றுநரைக் கேட்டு வாங்கவும், பெற்றோரை அழைத்துப் பேசவும் பள்ளிகளை அது நெருக்கியது. அந்த நெருக்குதலை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாமலே நம்மால் உண்டாக்க முடியும்.

அதற்கான கருவிகளும் நம்மிடம் இருக்கின்றன. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. வயதைவிடக் கற்ற அளவைப் பார்க்கும் இந்தப் பிரிவு, வகுப்பில் நிறுத்திவைக்காமலே பிள்ளைக்கு வேண்டிய பாடத்தைத் தர வழிசெய்கிறது. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் மூன்று நிலைகளையும் ஒரே நேரத்தில் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். அங்கேதான் மாநிலம் ஆள் பலம் தர வேண்டும்.

கேள்வி: இதற்கெல்லாம் அமெரிக்காவைப் போல் பணம் வேண்டாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நாம் நினைக்கும் அளவுக்கு வேண்டாம். இந்த வாசிப்புச் சட்டத்துக்கென்று மிசிசிப்பி ஒதுக்கியது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி டாலர். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் சுமார் 4.4 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதால், தலைக்கு 35 டாலர்கூட வரவில்லை. தொழிலதிபர் ஜிம் பார்க்ஸ்டேலும் அவர் மனைவியும் 2000-ஆம் ஆண்டு 10 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கிய வாசிப்பு நிறுவனம், சட்டம் வருவதற்கு முன்பே பல பள்ளிகளிலும் ஆசிரியர் கல்லூரிகளிலும் களத்தைப் பண்படுத்தியிருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அண்டை மாநிலமான லூசியானா இதே வழியில் சென்று, நான்காம் வகுப்பு வாசிப்பில் 2019-இல் 50-ஆவது இடத்திலிருந்து 2024-இல் 16-ஆவது இடத்துக்கு வந்தது. அதுவும் செல்வம் கொழிக்கும் மாநிலமன்று.

கேள்வி: என் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். பேருந்தின் பெயர்ப் பலகையைக் காட்டினால் விழிக்கிறான். என்ன செய்வது?
– வாசகி, அரியலூர்

பதில்: அவன் பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளைகளிடம் இது மிகவும் சாதாரணம், திட்டாதீர்கள். பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை விரலால் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வரியிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தை அடைகிறானா, நேராக எழுத்தைப் பார்த்துச் சொல்கிறானா என்பது உடனே தெரிந்துவிடும். 

தமிழில் பெரும்பாலும் இடறுவது உயிர்மெய்க் குறிகளில்தான். ‘கொய்யா’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க, இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். பல பிள்ளைகள் ‘கெ’ என்று தொடங்கி, மிஞ்சிய காலைப் பார்த்து நின்றுவிடுவார்கள். கெ, கே, கொ, கோ நான்கையும் ஒரு தாளில் எழுதி மாற்றி மாற்றிச் சொல்லச் செய்யுங்கள். பிறகு அதே குறிகளோடு ப, ம, த என்று எழுத்தை மாற்றுங்கள். அதன்பின் புத்தகத்தில் இல்லாத சொற்களைக் கொடுங்கள்: மளிகைப் பட்டியல், பேருந்துப் பலகை, உறவினர் பெயர்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்; களைத்துப்போனால் நிறுத்திவிடுங்கள்.

கூடவே வகுப்பாசிரியரைப் பார்த்து, அவன் அரும்பு, மொட்டு, மலர் ஆகியவற்றுள் எந்த நிலையில் இருக்கிறான், எந்தெந்த எழுத்துகளில் தடுமாறுகிறான் என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் ஒத்த வடிவுள்ள எழுத்துகளைத் தொடர்ந்து மாற்றிப் படித்தாலோ, சொன்னதைத் திரும்பச் சொல்லும்போது ஒலிகளை விட்டாலோ, கண்ணையும் காதையும் சோதித்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனையிலேயே கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம்.