சாஸ்வடில் கார் ஏறாதீர்கள்

அன்புள்ள ஐயா,

செம்பூரில் பிறந்து வளர்ந்தவன், வயது 34. இந்த ஆஷாடத்தில் பண்டரிபுர வாரியில், அதாவது விட்டலனைத் தரிசிக்கப் போகும் பாதயாத்திரையில், ஒருநாள் நடந்தேன். புனேயில் கிளம்பி திவே காட் மலைப்பாதை ஏறி சாஸ்வட் ஊர் வரை. சாயங்காலமே கார் பிடித்து மும்பை திரும்பிவிட்டேன். முழுக்க நடக்காவிட்டால் அது வாரியே இல்லை என்கிறார் மாமா. என் ஒருநாள் கணக்கில் வருமா? அடுத்த வருஷம் நான்கு நாள் லீவு கிடைக்கும். எந்த ஷூ நல்லது? மராத்தி அரைகுறைதான், சமாளிக்க முடியுமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது பழைய ஜால்ரா ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாரிக்குப் போனபோது கையில் வந்து சேர்ந்தது. அதனால் உடனே எழுதுகிறேன்.

ஷூவெல்லாம் வேண்டாம், காலுக்குப் பழகிய செருப்பு போதும். மாமா சொல்வதையும் விடுங்கள். ஆனால் செம்பூரில் 34 வருஷம் இருந்துவிட்டு மராத்தி அரைகுறை என்று எப்படி எழுத மனம் வந்தது? காய்கறிக்காரம்மாவிடம் இத்தனை நாள் என்ன பேசினீர்கள்?

எனக்கு வருத்தம் வேறு. சாயங்காலம் ஏன் கிளம்பினீர்கள்? ஞானேஸ்வரர் பல்லக்கு கிளம்பும் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் சுமார் 250 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரே பகல். அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், வழியில் ராத்திரி தங்கத்தான். காட் ஏறுவதை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். இருட்டியபின் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

தங்குமிடத்தில் பல்லக்கு இறங்கியதும் சமாஜ ஆரத்தி. திண்டிகள், அதாவது சேர்ந்து நடக்கும் பஜனைக் குழுக்கள், எல்லாம் சுற்றி நிற்கும், அத்தனை ஜால்ராவும் மிருதங்கமும் ஒலிக்கும். நம் கோயில் கட்டியக்காரர் போல அங்கே சோப்தார். அவர் தண்டத்தை உயர்த்தினால் மைதானமே அடங்கிவிடும். ஆனால் குறை இருக்கிற திண்டி மட்டும் நிறுத்தாது, தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் அங்கே நடந்து போய்க் கேட்பார். தீர்ந்தபிறகுதான் ஆரத்தி. சிந்தியா படையில் இருந்த ஹைபத்பாபா 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பல்லக்கு ஊர்வலத்துக்கு வகுத்த ஒழுங்கு இன்னும் நிற்பது இதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

1998இல், வழியில் பல்லக்கு தங்கும் லோணந்தில் எங்கள் திண்டிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. பகலெல்லாம் வெயில், பிள்ளைகள் சுருண்டு படுத்துவிட்டார்கள். நான் கத்தித் தீர்த்தேன். என்னோடு நடந்து வந்த கிழவி ஒருத்தி, பேசாமல் தன் ஜால்ராவை என் கையில் திணித்தார். தண்டம் உயர்ந்தது. ஊரே அடங்கியது. நாங்கள் மட்டும் தட்டினோம். எனக்குக் கை நடுங்கியது. அத்தனை ஆயிரம் பேரும் எங்களுக்காகக் காத்து நின்றார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சோப்தார் வந்தார், குனிந்து கேட்டார், யாரையோ அனுப்பினார். "ஜாலா, மாவ்லி" என்று கிழவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆயிற்று, தாயே என்று அர்த்தம். அங்கே ஆணையும் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உங்கள் நான்கு நாளை லோணந்தில் தொடங்குங்கள், ரயிலே போகிறது. அடுத்தடுத்த தங்கல் தரட்காவ், பல்டண், பரட். வெறும் சமவெளிதான், படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி கட்டாயம் கூடாரத்தில் படுங்கள்.

அன்று ஒன்பது மணிக்கு லாரி வந்தது. கிழவி முதல் குடத்தை நிரப்பி, பக்கத்துத் திண்டியில் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.