குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் பாகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியில் ஒரு வரி கண்ணில் பட்டது: "முதலில் நல்ல ஐ7 பிராசஸர் வாங்கிவிடுகிறேன், மிச்சமிருக்கும் பணத்தில் கிராஃபிக்ஸ் கார்டு." அதை அப்படியே தலைகீழாக்குங்கள். கேம் ஆட மெஷின் போடும்போது நான் மானிட்டரில் ஆரம்பித்துப் பின்னோக்கி வருவேன். பிராசஸர் மூன்றாவதாகத்தான் வரும்.

ஏன் மானிட்டர்? 1920×1080 (1080பி என்பது இதுதான்) திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், கிராஃபிக்ஸ் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 1080பி-யிலேயே நில்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே வீட்டில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறதா? அது ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 140 ஃபிரேம் தள்ளினாலும் உங்கள் கண்ணுக்கு வருவது 60தான்.

அடுத்தது, என்ன ஆடப் போகிறீர்கள்? வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மாதிரி போட்டி ஆட்டங்களுக்குப் பெரிய கார்டு வேண்டாம், அங்கே பிராசஸருக்குத்தான் வேலை அதிகம். பெரிய திறந்த உலகத்தில் சுற்றும் கதை ஆட்டங்கள் என்றால் சுமை கார்டின் தலையில் விழும். இரண்டும் ஆடுவேன் என்றால், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். என் கணக்கில் பாதி வரை போனாலும் தப்பில்லை.

கார்டு வாங்குமிடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "4 ஜிபி கார்டு சார், எல்லா கேமும் ஓடும்" என்பார்கள். ஜிபி என்பது கார்டின் நினைவகம், வேகம் வேறு. பெயரையும் முழுசாக நம்ப முடியாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 12 ஜிபி கார்டும் உண்டு, 8 ஜிபி கார்டும் உண்டு. முதலாவதில் நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதை 192 பிட் அகலம், இரண்டாவதில் 128 பிட்தான். ஜிடி 1030 இன்னும் மோசம்: டிடிஆர்4 நினைவகம் போட்ட வகைக்கு ஜிடிடிஆர்5 போட்ட வகையின் மூன்றில் ஒரு பங்கு தரவு வேகம்தான். பெட்டியில் பெயர் ஒன்றே. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேறு மாதிரி. மதர்போர்டோடு பேச அதற்கு நான்கு லேன்தான் (தரவு போகும் வழிகள்), பிசிஐஇ 4.0 (கார்டு செருகும் இணைப்பின் தலைமுறை) போர்டில் ஏதோ சமாளிக்கும், 3.0 போர்டில் மூச்சு வாங்கும். பழைய போர்டு வைத்திருப்பவர்தான் அந்த விலையில் கார்டு தேடுவார் என்பது வேடிக்கை.

1080பி-க்கு ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 மூன்றும் ஒழுங்கான கார்டுகள், மூன்றிலும் 8 ஜிபி. புதிய ஆட்டங்களில் டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி இடிக்கும், ஒரு படி இறக்கினால் போதும். அப்படி இறக்க மனசில்லை என்றால் 12 ஜிபி உள்ள 3060 அல்லது இன்டெல் ஆர்க் பி580 பாருங்கள். ஆனால் ஆர்க் வாங்கினால் மதர்போர்டில் ரீசைஸபிள் பார் வசதி (பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுகுவது) இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேகம் தடாலென்று விழும்.

இப்போது பிராசஸர். ஐ7 என்ற பெயருக்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. 2011-ல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான், நான்கு கோர். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் நான்கு கோர்தான், ஆனால் கேமில் பழைய ஐ7-ஐ அநாயாசமாகத் தாண்டிவிடும். மலிவு விலையில் "ஐ7 கேமிங் பிசி" என்று யாராவது நீட்டினால் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அந்த விண்டோஸில் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும்.

ஆறு கோர் போதும். ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் கோர் ஐ5-12400எஃப். 5500-உம் 5600-உம் பக்கத்துப் பக்கத்து எண்கள்தானே என்று நினைக்காதீர்கள். 5500-ல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600-ல் 32. கேமில் அது தெரியும். இன்டெல் பெயர் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம், தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) விஷயத்தில் நிறைய யோசிப்பார்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது, ஏஎம்5-ஐ 2027-க்கு அப்புறமும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மூன்று வருடத்தில் பிராசஸர் மட்டும் மாற்றுவேன் என்று உறுதியாக இருந்தால் ஏஎம்5. ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் போட முடியும், 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததுதானே. கையில் பழைய டிடிஆர்4 ராம் இருந்தால் நான் யோசிக்காமல் ஏஎம்4-க்கான பி550 போர்டும் 5600-உம் போட்டுவிடுவேன். ராம் 16 ஜிபி, இரண்டு எட்டாக. ஒரே குச்சியாக வாங்கினால் ஒற்றைச் சேனலில் ஓடி ஃபிரேம் குறையும்.

எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். என் முதல் மெஷினில் கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்-ஐயே மாட்டினேன். 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். கார்டைச் சந்தேகப்பட்டேன், ராமைக் கழற்றித் துடைத்தேன், விண்டோஸை மூன்று முறை போட்டேன். கடைசியில் நண்பன் வந்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படித்துவிட்டுச் சிரித்தான். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 216 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உயிர் வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். 450 என்பது எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட அலங்கார எண்.

ஆகவே வாங்குமுன் ஸ்டிக்கரில் அந்தப் பெருக்கலைச் செய்யுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், 6600-க்கு 132, 3060-க்கு 170. ஒழுங்கான 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்துக்கு அது மட்டும் சான்றாகாது. அப்புறம், மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் மாற்றினால் பழைய கேபிளை அப்படியே புதியதில் செருகிவிடாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், பாகங்கள் புகைந்துவிடும்.

எஸ்எஸ்டி-க்கு அதிகம் யோசிக்க வேண்டாம். சாதாரண என்விஎம்இ வகை (மதர்போர்டிலேயே நேராகச் செருகுவது) ஒரு டிபி. நொடிக்கு 3,500 எம்பி, 7,000 எம்பி என்று விளம்பரம் செய்வார்கள், கேம் லோடு ஆவதில் பெரும்பாலும் ஓரிரு நொடிதான் வித்தியாசம். கேபினட்டில் முன்பக்கம் காற்றுப் போக வலை இருக்கிறதா, கார்டின் நீளம் உள்ளே அடங்குமா, இந்த இரண்டு போதும். கண்ணாடியும் வண்ண விளக்கும் ஃபிரேமைக் கூட்டாது.

செகண்ட் ஹேண்டில் பிராசஸர் தைரியமாக வாங்கலாம், அது லேசில் கெடாது. ஏஎம்4 பிராசஸர் என்றால் பின்கள் வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார்டு என்றால் அரை மணி நேரமாவது கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்-ஐயும் ஹார்டு டிஸ்க்கையும் பழையதாக வாங்க மாட்டேன்.

மெஷின் தயாரானதும் மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யைப் (ராமை அதன் பெயரில் உள்ள வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் 3200 ராம் 2400, 2666 என்று சோம்பேறியாக ஓடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஹெர்ட்ஸையும் பாருங்கள். நான் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, "ஆஹா, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது" என்று மூன்று மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது 60-லேயே ஓடுகிறது என்று கண்டுபிடித்தவன் என் தம்பி.