என்னோடிரும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் எழுத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 41. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படமே கிடையாது. எனக்கும் கடவுள் நம்பிக்கை வந்ததில்லை.

போன வருடம் அலுவலக நண்பரின் அம்மா தவறிப்போனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' என்று எல்லாரும் பாடினார்கள். கொயர் எதுவும் இல்லை, சொந்தக்காரர்கள்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனைக்கும் அந்த அம்மாவை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் சர்ச்சில் பாடும் பழைய பாமாலைப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். பஸ்ஸில், இரவில், சமைக்கும்போது. 'மதம் மாறப் போறீங்களா?' என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன், அது உண்மை. 'மெட்டு மட்டும்தான் பிடிச்சிருக்கு, வார்த்தையைக் கவனிக்கிறதில்லை' என்று நண்பரிடம் சொன்னேன். அது பொய்.

நம்பாத ஒருவன் இன்னொருவரின் ஜெபத்தை இப்படி ரசிப்பது சரியா? திருட்டு மாதிரி உறுத்துகிறது. வரும் பெரிய வெள்ளி ஆராதனைக்கு நண்பர் கூப்பிடுகிறார். போகலாமா? போனால் வாய் திறந்து பாடலாமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

'அது பொய்' என்று எழுதினீர்களே, அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன். மெட்டு போதும், வார்த்தை வேண்டாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு வசதியான இடம். நானும் அங்கே சில வருடம் இருந்திருக்கிறேன். அங்கே இருக்கும்வரை இந்தப் பாட்டுகள் எனக்குப் பாதிதான் கிடைத்தன.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன். சைவ வீடு. தெருமுனையில் நின்றால் ஊசிக்கோபுரம் தெரியும், 1826இல் கட்டிய கிறிஸ்தவக் கோயில் அது. பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் அக்கா இருந்தார். தினமும் ராத்திரி அவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு வாசிப்பு, ஒரு ஜெபம், ஒரு பாட்டு. அக்கா மேல் குரலில் பாட, அவருடைய அப்பா அடியில் தாழ்ந்த குரலில் பேஸ் பிடிப்பார். எங்கள் வீட்டுத் தேவாரம் ஒற்றை இழை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு ஸ்வரத்தில் பாடியும் அது ஒரே பாட்டாக இருக்க முடியும் என்பதை மதிற்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். அதற்குள் நம்பிக்கை என்னை விட்டுப் போயிருந்தது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். வந்த கூட்டம் கலைந்து, அம்மாவும் நானும் சித்தப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் அக்கா வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, 'அத்தை, ஒரு பாட்டு பாடட்டுமா?' என்று கேட்டார். அம்மா தலையசைத்தாள். அக்கா பாடியது நீங்கள் கல்லறையில் கேட்ட அதே பாட்டு.

அதை எழுதிய ஹென்றி ஃப்ரான்சிஸ் லைட் இங்கிலாந்தில் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரில் போதகராக இருந்தவர். காசநோய்க்காரர். பாட்டு 1847ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அந்த வருடமே அவர் போய்விட்டார். இன்று நாம் கேட்கும் மெட்டை வில்லியம் ஹென்றி மங்க் 1861இல் போட்டார். அந்த மெட்டைக் கவனித்துப் பாருங்கள். அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே ஒரு ஸ்தாயி கூடக் கிடையாது. பெரிய தாவல் இல்லை, சங்கதி இல்லை. பாடத் தெரியாதவர், அழுதுகொண்டிருப்பவர், வயதானவர், யாருக்கும் எட்டுகிற உயரத்தில் வைத்திருக்கிறார். உங்கள் நண்பரின் சொந்தக்காரர்கள் கொயர் இல்லாமலே பாட முடிந்தது அதனால்தான்.

வார்த்தைக்கு வருகிறேன். வெளிச்சம் மங்குகிறது, துணைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள், நீர் மட்டும் இரும். பாட்டு கேட்பது அவ்வளவுதான். நம்பாதவர்கள் இங்கே ஒரு தந்திரம் செய்வோம். 'கர்த்தர் என்றால் இங்கே அன்பு என்று பொருள், மனிதம் என்று பொருள்' என்று மனசுக்குள் மாற்றிக்கொள்வோம். அதைச் செய்யாதீர்கள். லைட்டுக்கு அது இயேசு. டீச்சர் அக்காவுக்கும் அது இயேசு, உருவகம் இல்லை. அன்று ராத்திரி அக்கா பாடியபோது அவர் யாரிடம் பேசுகிறார் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இருக்கவில்லை. அந்த உறுதியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் எனக்குக் கிடைத்தது. எனக்கு அந்த முகவரி கிடையாது. ஆனால் அந்தக் கடிதம் எப்படிப்பட்ட தேவையிலிருந்து எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய பொருள் என்று கொஞ்சம் பார்ப்போம். பெரிய வெள்ளியன்று 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டை நீங்கள் கேட்க வாய்ப்பிருக்கிறது. அதன் மெட்டு 1601இல் நியூரம்பர்க்கில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் வெளியிட்டது. அவர் போட்டது ஒரு காதல் பாட்டுக்கு. ஒரு பெண்ணால் மனம் கலங்கிப் போனவனின் பாட்டு. சில வருடங்களில் அதைச் சாவுப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு பால் கெர்ஹார்ட் என்ற ஜெர்மன் போதகர், இடைக்கால லத்தீன் கவிதை ஒன்றை ஜெர்மனில் எழுத, அந்தச் சொற்களுக்கு இந்த மெட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் இசைமேதை பாஹ், இயேசுவின் கடைசி நாட்களைச் சொல்லும் தன் 'மத்தேயு பாடுகள்' இசைப் படைப்பில் இதை ஐந்து முறை கொண்டுவருகிறார். மெட்டு ஒன்றுதான், அடியில் ஓடும் மற்றக் குரல்களின் சுரக்கட்டு மாறும். கடைசி முறை, இயேசு இறந்த உடனே வரும்போது, தரை நழுவுகிற மாதிரி இருக்கும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின்னால் வந்த ஃபப்ரிசியுஸ் போன்றவர்களும் இந்த ஜெர்மன் ஞானப்பாட்டு மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். காதலில் கலங்கியவனின் மெட்டுக்குத் திருநெல்வேலிக் கிராமத்துப் பாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு முள்முடி சூடிய தலையைப் பாடுகிறார்கள். தமிழ் கொஞ்சம் முரடாக இருக்கும். குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் வந்து இடிக்கும். எனக்கு அந்த முரட்டுத்தனமே பிடிக்கும், சொல் தெரியாத வெளிநாட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல.

சரி, முரடு வேண்டாம் என்றால் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இருக்கிறார். 'சத்தாய் நிஷ்களமாய்' கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள். 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறிய வீடு. 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். வீட்டை விட்டு வந்தவர் அந்த வீட்டுச் சொற்களை விட்டுவிட்டு வரவில்லை. முதலடியில் சத்து, இரண்டாம் அடியில் சித்து, ஆனந்தம், உடனே 'திரித்துவமே' என்று விளிக்கிறார். வேதாந்தி பிரம்மத்துக்குச் சொல்லும் மூன்று சொற்களால் பிதா, சுதன், பரிசுத்த ஆவியைக் கூப்பிடுகிறார். ஈற்றடி 'அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யார் உறவே' என்று விழும்.

இதை முதலில் கேட்டபோது, இது எங்கள் வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று திகைத்து நின்றேன். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. சுந்தரர் திருமழபாடியில் பாடிய 'பொன்னார் மேனியனே' பதிகத்தின் நடை அது. 'அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே' என்று அவர் முடிப்பார். இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே காலடிச் சத்தம் கேட்கும். சிவனைப் பார்த்து நடந்த கால்கள் இன்னொரு வாசலில் வந்து நிற்கின்றன. கிருஷ்ண பிள்ளையைத் திருடர் என்று சொல்வீர்களா?

நம்பாதவர் இந்தப் பாட்டுக்கு வெளியே நிற்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை மாற்றியது ரால்ஃப் வான் வில்லியம்ஸின் கதை. 1906இல் ஆங்கிலத் திருச்சபைக்காக வெளிவந்த 'தி இங்கிலிஷ் ஹிம்னல்' பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியர் அவர். போதகரின் மகன், ஆனால் கல்லூரி நாட்களில் நாத்திகர், பிறகும் கடைசிவரை கடவுள் பற்றி முடிவு சொல்லாதவர். வயல்வெளிகளிலும் சாராயக் கடைகளிலும் நாட்டுப்புறப் பாட்டுச் சேகரித்துக்கொண்டிருந்த மனிதர். உழவுப் பையனைப் பற்றிய ஒரு பாட்டை சர்ரே பகுதிக் கிராமம் ஒன்றில் கேட்டு எழுதிவைத்தார். பெத்லகேமைப் பற்றிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அந்த மெட்டைச் சூட்டினார். இங்கிலாந்தில் இன்றைக்கும் அந்தப் பாட்டை அந்த மெட்டில்தான் பாடுகிறார்கள். தான் நம்பாத ஒன்றை மற்றவர்கள் பாட வேண்டும், அதை நல்ல மெட்டில் பாட வேண்டும் என்று அந்த மனிதர் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்.

வார்த்தையைக் கவனிப்பதென்றால் சில பாட்டுகளை வேண்டாம் என்று சொல்லவும் வேண்டியிருக்கும். ரெஜினால்ட் ஹீபர் என்ற பேராயர் எழுதியதுதான் 'தூய தூய தூயா' பாட்டின் ஆங்கில மூலம். அதிகாலையில் நாலு குரலில் அதைக் கேட்டால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அதே ஹீபர் 1819இல் எழுதிய இன்னொரு பாட்டு, இலங்கையில் காட்சியெல்லாம் இனிமை, மனிதன் மட்டும்தான் இழிந்தவன் என்கிறது. மரத்தையும் கல்லையும் கும்பிடும் குருடர்கள் என்று நம் பாட்டிமாரைச் சொல்கிறது. அதை நான் பாட மாட்டேன், மெட்டுக்காகக் கூட. அவர் 1826இல் நம் திருச்சியில்தான் இறந்தார். அவர் கல்லறைக்குப் போயிருக்கிறேன், கோபம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டு வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்வி. கட்டாயம் போங்கள். பெரிய வெள்ளி ஆராதனை பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நடக்கும். சிலுவையில் சொன்ன ஏழு வசனங்களுக்கும் ஒவ்வொரு பிரசங்கம், நடுநடுவே பாட்டு. வெயில் காலம், கூட்டம் இருக்கும். பின்வரிசையில், பேஸ் பாடுகிற பெரியவர் யாராவது இருந்தால் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பாடுங்கள். உங்களால் சொல்ல முடியாத வரி வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம். முழங்கால் படியிட வேண்டாம் என்று தோன்றினால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் போதும். வேறொரு நாள் போய், திருவிருந்து நடந்தால் மட்டும் எழுந்து போகாதீர்கள். பாட்டு யாருக்கும் திறந்தது, அந்த அப்பமும் ரசமும் அப்படியில்லை.

இன்னொன்று. நண்பரின் அம்மா பாடிய பாமாலைப் புத்தகம் அந்த வீட்டில் எங்காவது இருக்கும். அதை அன்றைக்கு ஒரு நாள் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தோஷப்படுவார். எங்கள் டீச்சர் அக்கா தன் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் அதை எந்த வீட்டில் எப்போது பாடினார் என்று பென்சிலால் தேதி குறித்து வைத்திருந்தார். அவர் போன பிறகு அவர் மகள் அதை எனக்குக் காட்டினாள். 'என்னோடிரும்' பக்கத்தில் பதினேழு தேதிகள் இருந்தன. நாலாவது தேதி என் அப்பாவுடையது.