நிறம் மாறும் பஷ்மினா சால்வை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு முனையில் அடர்நீலமாகத் தொடங்கி, மறுமுனையில் ஏறக்குறைய வெண்மையாக முடியும் பஷ்மினா சால்வை ஒன்றைப் பார்த்தேன். நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்றே தெரியவில்லை. இதைக் கையால் எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: காஷ்மீரின் கானி சால்வையில் முதலிலேயே சாயமேற்றிய நூல்களைச் சிறு மரக்குச்சிகளில் சுற்றிக்கொண்டு நெய்வதால், ஒவ்வொரு நிறத்துக்கும் தெளிவான எல்லை உண்டு. நீங்கள் பார்த்த வகையில் எல்லையே இருக்கக் கூடாது என்பதால், வெண்மையாக நெய்து முடித்த முழுத் துணிக்குத்தான் சாயம் ஏற்றுகிறார்கள்.

ஆட்டின் அடிரோமத்தில் நூற்கும் பஷ்மினா நூல் மிக மெல்லியது. தறியில் அறுந்துபோகாமல் இருக்க அதற்கு அரிசிக் கஞ்சி போடுவது வழக்கம். அந்தக் கஞ்சி ஓரிடத்தில் மிச்சமிருந்தாலும் அங்கே சாயம் சரியாகப் பிடிக்காது. ஒரே நிறச் சால்வையில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய அந்தக் குறை, படிப்படியாக மங்கும் நிறத்தில் திட்டாகத் தெரிந்துவிடும். ஆகவே துணியை நன்றாக அலசி, சீராக நனைத்த பிறகே சாயத்தொட்டியருகே கொண்டு செல்கிறார்கள். ஈரத்துணியில் சாயம் மெல்லப் பரவி ஏறும்; உலர்ந்த துணியோ சட்டென்று உறிஞ்சிக் கோடு போட்டதுபோல் நின்றுவிடும்.

ரோமம் புரத இழை என்பதால், அமிலத்தன்மையுள்ள வெந்நீரில் பிடிக்கும் சாயங்களே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. சூட்டைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும், கொதிக்க விடலாகாது. திடீர்ச் சூடோ தேய்ப்போ பட்டால், இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். சால்வையை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, அடர்நிறம் வேண்டிய முனையை முக்கி, விரற்கடை விரற்கடையாக ஏற்றியும் இறக்கியும் நகர்த்துகிறார் சாயக்காரர். நீருக்குள் அதிக நேரம் இருக்கும் பகுதி அதிகம் கறுக்கும். மேலே போகப் போக நேரம் குறைய, நிறமும் குறையும். கை சற்றே ஓரிடத்தில் நின்றுவிட்டாலும் அந்த மட்டத்தில் கோடு விழும். துணி சாயத்தை இழுத்துக்கொள்ளத் தொட்டியின் வீரியமும் குறைந்துகொண்டே வருமாதலால், இடையிடையே அளவறிந்து சாயம் சேர்க்க வேண்டும். போதாக்குறைக்கு, ஈரத்தில் எந்த நிறமும் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். உலர்ந்தபின் அது என்னவாகும் என்பதை மனத்தில் கணித்தே துணியை வெளியே எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் மிக உயர்வாக மதிப்பது அந்தக் கணிப்பைத்தான்.

கேள்வி: இரண்டு நிறங்கள் சேரும் சால்வைகள் சிலவற்றில் நடுப்பகுதி அழுக்கேறியதுபோல் தெரிவது ஏன்?

பதில்: நிறத் தேர்வில் நேர்ந்த பிழை அது. ஆரஞ்சும் நீலமும் போன்ற எதிர் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மங்கிய பழுப்பே மிஞ்சும். மஞ்சளும் நீலமும் சந்தித்தால் இடையில் பச்சை பிறக்கும். ரோஜா நிறம் தடையின்றிச் செம்மதுவின் நிறத்துக்குப் போகும். எதிர் நிறங்கள்தான் வேண்டுமென்றால், இடையில் சாயமேறாத வெண்பட்டை ஒன்றை விட்டுவிடுவதே நல்ல வழி.

கேள்வி: மோதிரத்துக்குள் நுழைந்தால் அது உண்மையான பஷ்மினா என்கிறார்களே?

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். மெல்லிய பட்டும், ஆலையில் செய்யும் விஸ்கோஸ் இழைத் துணியும்கூட மோதிரத்துக்குள் நுழைந்துவிடும். ஒரு நூலை எரித்துப் பார்ப்பதும் பாதி உண்மையைத்தான் சொல்லும்: முடி கருகும் வாடையும், தொட்டால் பொடிந்துபோகும் சாம்பலும் அது விலங்கிடமிருந்து கிடைத்த இழை என்று காட்டுமே தவிர, எந்த விலங்கின் இழை என்று காட்டாது.

லடாக்கின் சாங்தாங் பகுதியில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் சாங்பா மக்கள் மேய்க்கும் ஆடுகளின் அடிரோமமே பஷ்மினா. கடுங்குளிருக்காக வளரும் அந்த ரோமம் குளிர் தணிந்ததும் தானாகக் கழலத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கப்படுகிறது. ‘காஷ்மீர் பஷ்மினா’ 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. இழையின் தடிமன் 16 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும், ராட்டையில் கையால் நூற்று கைத்தறியில் நெய்திருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். ஸ்ரீநகரிலுள்ள கைவினை மேம்பாட்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோதித்த பிறகே அதற்குரிய முத்திரைச் சீட்டு பொருத்தப்படுகிறது. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

விசைத்தறியின் இழுப்பைத் தாங்குவதற்காகப் பஷ்மினாவுடன் நைலானைக் கலந்து நெய்து, பிறகு அமிலத்தில் நைலானை மட்டும் கரைத்தெடுக்கும் முறை ஒன்றும் உண்டு. அதில் ரோமமும் பலவீனமடைந்துவிடும். எவ்வளவு அழகான சாயமும் இந்தக் குறையைத் தீர்க்காது. எனவே, முதலில் துணியைத் தேர்ந்துவிட்டு, அதன்பின் நிறத்தைப் பாருங்கள். கைநூற்பில் நூல் சற்றே ஏறியிறங்கி இருக்கும். அதனால் சாயத்திலும் மெல்லிய அலைவு தெரியும். பலர் அதைக் குறையென்று எண்ணி ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி: முக்கி எடுத்த சாயமா, அச்சிட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: திருப்பிப் பாருங்கள். முக்கியெடுத்த துணியில் இருபுறமும் ஒரே நிறம் இருக்கும். அச்சிட்டதில் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். குஞ்சத்து நூல் ஒன்றின் முறுக்கைப் பிரித்து, உள்ளேயும் நிறம் ஏறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: வீட்டில் துவைக்கலாமா?

பதில்: துவைக்கலாம். ஆனால் இவ்வகைச் சால்வையில் அடர்முனையிலிருந்து கசியும் சாயம் வெளிர்முனையில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே முதலில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அடர்முனையில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒட்டாவிட்டால், குளிர்ந்த நீரில் காரமில்லாத மென்மையான ஷாம்பு சில துளிகள் கலந்து, ஊறவிடாமல் அலசி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்த பின், ஈர முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு நிழலில் விரித்துக் காயவையுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்துப்பூச்சியை ஈர்ப்பதால், அழுக்கோடு எடுத்துவைக்காதீர்கள். நன்கு உலர்ந்ததும் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றிப் போடுங்கள்.